டிரைவர் டேபிளுக்குப் பில் வராது

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டூரிஸ்ட் பார்ட்டியை ஒரு ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டால் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். பார்ட்டி கண்ணாடி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே மெனு கார்டைப் புரட்டும். நாங்கள் பின்பக்கம் போய்விடுவோம். கை கழுவும் இடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு நீள மேஜை கிடக்கும். அதுதான் டிரைவர் டேபிள். அங்கே பில் வராது.

நான் குன்னூர் ஸ்டாண்டில் 19 வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். முதல் 16 வருஷம், வண்டி ஓடிய நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குக் கையிலிருந்து காசு எடுத்ததே இல்லை. ஸ்டாண்டில் அதை ஒரு சாமர்த்தியமாகத்தான் பேசிக்கொள்வோம். எங்கே பிரியாணி தருகிறார்கள், எங்கே மீல்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள், எங்கே கேட்டால் ஒரு ஆம்லெட் சேர்த்துப் போடுவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பார்ட்டிக்கு எது நல்லது என்று பார்த்து நான் ஹோட்டலுக்குக் கூட்டிப்போன நாட்கள் குறைவு. என் நாக்கு எங்கே கேட்டதோ அங்கேதான் வண்டி திரும்பியது.

ஓசிச் சாப்பாட்டில் இரண்டு கோளாறு. பசி இருக்கிறதோ இல்லையோ, விட மனசு வராது. இரண்டாவது, அவசரம். பார்ட்டி எழுந்து வருவதற்குள் நாம் கை கழுவி, வண்டியைத் திருப்பி, வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும். அதனால் மெல்லுவது என்கிற பழக்கமே போய்விட்டது. பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவை ஊற்றி, ஊறுவதற்குள் உள்ளே தள்ளியாயிற்று. ஒரு கை தட்டில், மறு கை போனில். அடுத்த சவாரியைப் பேசி முடிப்பதற்குள் தட்டு காலியாகியிருக்கும். யார் சாப்பிட்டது என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன். டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டுகிறவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். பெரும்பாலும் கண்ணைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், முடிந்தது. அன்று இருந்த டாக்டரம்மா பிரஷரும் பார்த்தார். 158-க்கு 100. ரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று விளக்கினார். எடை 84 கிலோ. என் உயரத்துக்கு அது அதிகம் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை, சீட் பெல்ட்டே சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் அளவாத்தான் மேடம் சாப்பிடுவேன்" என்றேன்.

"சரி. நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தேன். நேற்று வந்த பார்ட்டி குஜராத்திக் குடும்பம் என்பது ஞாபகம் இருந்தது. எந்த ஹோட்டல் என்று ஞாபகம் இருந்தது. பைக்காராவில் படகுக்கு எவ்வளவு நேரம் நின்றோம், கடைசியில் எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பதுகூட ஞாபகம் இருந்தது. சாப்பிட்டது மட்டும் வரவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "ஞாபகமே இல்லாததை எப்படிங்க அளவுன்னு சொல்றீங்க?"

மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு வாயில் போடுவதையெல்லாம் எழுத வேண்டும். எனக்குத் தனி நோட்டு வைத்துப் பழக்கமில்லை. டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர், பார்க்கிங், டீசல் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து எழுதினேன். அந்தத் தாள் இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமையை அப்படியே தருகிறேன்: காலை 5.40 டீ, வர்க்கி 2. 7.15 ஸ்டாண்டில் டீ. 9.00 பூரி 3, மறுபடி டீ. 11.30 தொட்டபெட்டாவில் டீ, மிளகாய் பஜ்ஜி 3. 2.50 பரோட்டா 3, சில்லி சிக்கன், தயிர்ச் சாதம் கொஞ்சம். 4.30 டீ, வர்க்கி 2. 6.45 டீ. இரவு 9.30 வீட்டில் சோறு, குழம்பு. 10.00 டீ.

ஏழு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு நாலைந்து கிராம். 60 கிராம் போல வெறும் டீயிலேயே உள்ளே போயிருக்கிறது. நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வர்க்கியைச் சொல்லவே வேண்டாம். மைதா, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அடுக்கடுக்காக மடித்துச் சுட்டது. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் இடுப்பில் அந்தக் குறியீடு அதற்கு ரொம்ப முன்பே விழுந்துவிட்டது.

இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்து நான் உடனே திருந்திவிடவில்லை. திருப்பியது வேறு.

அதே வருஷம் ஜூலை. ஒரு குடும்பத்தைக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு ஹோட்டலில் நிறுத்தினார்கள். மணி இரண்டரை. காலையிலிருந்து டீயைத் தவிர ஒன்றும் இல்லை. டிரைவர் டேபிளில் மட்டன் பிரியாணி, சிக்கன் 65, அதற்கு மேல் ஐஸ்கிரீம். காட்டேரி என்கிற இடத்தைத் தாண்டி இறங்க ஆரம்பித்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல்கள் ஏற்றியிருந்தன, பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை உடம்பே கொஞ்சம் சோரும். அதன் மேல் பிரியாணி. கண் மூடியது எனக்குத் தெரியாது. திறந்தது தெரியும். இடது பக்கச் சக்கரம் ஓரத்துக் கல்லில் உரசிக்கொண்டே போகிற சத்தம். ஸ்டியரிங்கை வளைத்து நிறுத்தினேன். அந்தக் கல் இல்லாத இடமாக இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க மாட்டேன்.

முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பர்லியாரில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். அங்கே சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும். அரசுப் பழப்பண்ணை அங்கேதான் இருக்கிறது. நாலு பழம் வாங்கி என் கையில் வைத்து, "இதை மெதுவா சாப்பிடுங்க. அப்புறம் போகலாம். பிளைட் போனா போகுது" என்றார். மங்குஸ்தானை அவசரமாகச் சாப்பிட முடியாது. தடித்த தோலை அழுத்திப் பிளக்க வேண்டும், உள்ளே வெள்ளைச் சுளையை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், கொட்டையைத் துப்ப வேண்டும். கை நடுங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு இன்னும் நேரம் ஆனது. பல வருஷத்துக்குப் பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று பார்த்துச் சாப்பிட்டது அந்த நாலு பழம்தான்.

அதற்கு அடுத்த வாரம், நான் வழக்கமாகப் போகும் ஒரு ஹோட்டலில் சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிரைவர் டேபிளிலிருந்து அடுப்படி முழுசாகத் தெரியும். 16 வருஷமாகத் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. காலையில் வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்து ஒரு பெரிய அண்டாவில் பேஸ் கிரேவி செய்து வைத்துவிடுகிறார்கள். யார் என்ன கேட்டாலும் அந்த ஒரே கிரேவியிலிருந்து ஒரு கரண்டி. பன்னீர் போட்டால் பன்னீர் பட்டர் மசாலா, குடைமிளகாய் போட்டால் கடாய் வெஜ், கோழி போட்டால் வேறு பேர். கடைசியில் மேலே ஒரு துண்டு வெண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை. தட்டு மின்ன வேண்டும் அல்லவா, அதற்காக எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை கிண்டுகிறார்கள். சுண்டல் சீக்கிரம் வேக ஆப்ப சோடா. இதில் எதையும் திருட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயுளில் ஒரு தடவை வருகிற ஆளுக்கு ஒரு வாய்ப்பில் ருசியைக் காட்டியாக வேண்டும், அதுவும் பத்து நிமிஷத்தில். ஹோட்டல் சமையலின் கணக்கே அதுதான். தினமும் வந்து அதைத் தின்றது என் குற்றம்.

மணி நாலானதும் கூட்டம் குறைந்தது. மாஸ்டர் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய தட்டில் சோறு, மிளகு ரசம், முட்டைக்கோஸ் பொரியல், ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான். சப்ளையர்களுக்கும் அதேதான்.

"என்ன மாஸ்டர், இவ்வளவு இருக்கு, நீங்க ரசம் சாப்பிடுறீங்க?"

"அதெல்லாம் பார்ட்டிக்குத் தம்பி. தினம் அதைத் தின்னுட்டு இந்த அடுப்பு முன்னாடி நான் நிக்க முடியுமா?"

"எனக்கும் இதுல கொஞ்சம் குடுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓசியில் பிரியாணி கிடைக்கிறபோது ரசம் கேட்ட முதல் டிரைவர் நான்தானாம். அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் எனக்கு ஸ்டாஃப் சாப்பாடுதான். வேறு ஊருக்குப் போனாலும், எந்த ஹோட்டலாக இருந்தாலும், "உங்க ஸ்டாஃபுக்கு இன்னிக்கு என்ன?" என்று கேட்டுவிடுகிறேன். பாதி இடத்தில் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். அது மெனு கார்டில் இருக்காது.

மெனு கார்டைப் படிக்கவும் இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. பட்டர், கிரிஸ்பி, ரோஸ்ட், 65, மஞ்சூரியன் என்று பேரில் இருந்தால் அதில் எண்ணெய் இல்லாமல் இருக்காது. இட்லி, இடியாப்பம், புட்டு, சுட்ட சப்பாத்தி என்றால் கொஞ்சம் பயமில்லை. மதியம் மீல்ஸ் கேட்டால் முதலில் பொரியல், கூட்டு, கீரையைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் சோற்றைத் தொடுவேன்; காய்கறி முதலில் போனால் சர்க்கரை சட்டென்று ஏறாது என்று டாக்டரம்மா சொன்ன யோசனை. ஊறுகாயும் அப்பளமும் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு; அதைக் குழம்பே கொடுத்துவிடுகிறது. சுடுதண்ணீர் முதலில் ஒரு டம்ளர். குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது.

எண்ணெயையும் பார்க்கிறேன். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேர்கிற கெட்ட பொருளுக்குப் போலார் காம்பவுண்டு என்று பேர்; பொரித்த எண்ணெயில் அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதி கொண்டுவந்தது. நம் கையில் அதை அளக்கும் கருவி இருக்காது. கண்ணும் மூக்கும் இருக்கிறது. பஜ்ஜிச் சட்டி எண்ணெய் கறுத்து, நுரைத்து, பஜ்ஜி போடுவதற்கு முன்பே புகைந்தால் நான் நகர்ந்துவிடுவேன். அதற்கு யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது வேகத்தைக் குறைப்பதுதான். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் போல ஆகும் என்றார் டாக்டரம்மா. என் மதியச் சாப்பாட்டை ஒருநாள் போனில் நேரம் பார்த்தேன்: ஆறு நிமிஷம். மெதுவாகச் சாப்பிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் இரண்டு வாய்க்கு மேல் நிற்காது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். போனைச் சாவியோடு வண்டியிலேயே வைத்துவிடுவது. போன் இல்லாமல் டிரைவர் டேபிளில் உட்கார்ந்தால் முதல் வாரம் கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பார்க்க வேறொன்றும் இல்லாததால் தட்டைப் பார்த்தேன். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று அம்மா சின்ன வயசில் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது 46 வயசில் வேலைக்கு வந்தது. இப்போது பதினைந்து நிமிஷம் ஆகிறது. பார்ட்டிக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "எனக்கும் கால் மணி நேரம் வேணும் சார்" என்று. ஒருத்தர்கூட முகம் சுளித்ததில்லை. அவர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று இத்தனை வருஷம் நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி வீட்டுக் கதை. "நாளையிலேர்ந்து வீட்டுச் சாப்பாடுதான், மதியத்துக்குக் கட்டிக் குடுத்துடு" என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி கொழுந்து பறிக்கப் போகிறவள். ஏழரைக்கெல்லாம் தோட்டத்தில் நிற்க வேண்டும். அவள் என்னைப் பார்த்து, "ஹோட்டல் வேணாம்னு முடிவு பண்ணது நீங்க. அதுக்கு நாலரைக்கு எந்திரிக்கிறது நானா?" என்றாள்.

பதில் இல்லை. வீட்டுச் சமையலின் பெருமையை ஆண்கள் பேசுவது சுலபம், சமைப்பது வேறு யாரோதான் என்பதால். சரி, நானே சமைக்கிறேன் என்று வாயை விட்டேன். எனக்குத் தெரிந்தது டீ போடுவது மட்டும். அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரி வந்து சேர்ந்தவர்கள். எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசு ஏற்படுத்திய டான்டீ தேயிலைத் தோட்டத்தில்தான் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சொத்து என்று பார்த்தால் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, எண்ணெய் விடாத கல்லில் தடிமனாகச் சுடுவது. சம்பலுக்குத் தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு; அம்மியில் நுணுக்கிக் கடைசியில் எலுமிச்சம் பிழிய வேண்டும். காலையில் சுட்ட ரொட்டி மதியம் வரை கெடாது. மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர்களுக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு.

வீட்டில் செய்தது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. அம்மாவின் ரொட்டி சுத்த மைதா. ரேஷனில் கிடைத்தது அது, பழகியது அது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு பாதி கோதுமை, பாதி ராகி என்று மாற்றினேன். முதல் நாள் ரொட்டி கல்லில் நாலாக உடைந்தது. ராகிக்கு வெந்நீர் ஊற்றிப் பிசைய வேண்டும் என்று அம்மா வெகு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம்தான் சொன்னார். அவருக்கு மைதாவை விட்டதில் கோபம்.

இந்த மலையில் சமைப்பதற்கு இன்னொரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் வேக ரொம்ப நேரம் ஆகும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு கிடையாது. நான் ராத்திரியே பருப்பை ஊறவைத்துவிடுகிறேன். விசிலும் குறைகிறது, கேஸும் மிச்சம்.

இட்லி மாவுக்கும் குளிர் ஆகாது. டிசம்பரில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து, கையாலேயே கரைத்து, தூக்கை என் பழைய ஸ்வெட்டருக்குள் நுழைத்து, கைகளை முன்னால் கட்டி, அடுப்புத் திண்டின் மேல் வைத்துவிடுகிறோம். பார்ப்பதற்கு யாரோ குள்ளமான ஆள் குளிர் காய்கிற மாதிரி இருக்கும். அப்படியும் ஒரு நாள் முழுக்க ஆகும். ஸ்வெட்டரில் புளித்த வாசனை போகவில்லை.

காய்க்கு எனக்குக் குறையில்லை. ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் கேத்தியில் கேரட் கழுவும் மெஷின் அருகே நிறுத்தினால், உடைந்ததும் இரட்டைக்கால் கேரட்டும் மலிவாகத் தருவார்கள். லாரியில் ஏறும் நேரான கேரட்டுக்கும் இதற்கும் ருசியில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பீன்ஸ், நூக்கல், டர்னிப், முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் கண்ணெதிரே விளைகிறது. இவ்வளவு காய் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கோபி மஞ்சூரியனைத்தான் நான் காய்கறி என்று நினைத்து வந்திருக்கிறேன். படுகர் நண்பர் ஒருவர் வீட்டில் ராகிக் களிக்கு அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட உதக்க என்கிற குழம்பை ஊற்றினார்கள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மெல்லப் பழகிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு சோதனை. ஆனால் ஒரு உருண்டையோடு சாயங்காலம் வரை பசிக்கவில்லை.

இப்போது எனக்கு ஐந்து அயிட்டம் வரும். ரொட்டி-சம்பல், பருப்புக் கீரை, மிளகு ரசம், கேரட் பீன்ஸ் பொரியல், முட்டைக் குழம்பு. இவற்றை மாற்றி மாற்றி வாரம் முழுக்க ஓட்டலாம். மனைவி காலைச் சமையல், நான் முந்தின ராத்திரியே மதியத்துக்கு ஆன பாதி வேலை, இதுதான் உடன்பாடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அடுப்பைத் தொடமாட்டோம். அன்றைக்கு ஹோட்டலில் பணம் கொடுத்து, வாடிக்கையாளர் டேபிளில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவளுக்கு நெய் ரோஸ்ட் பிடிக்கும். நான் ஒரு துண்டு பிய்த்துக்கொள்வேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு இடம் பார்ப்பதுதான் மலையில் பெரிய பிரச்சினை. முதல் மாதம் பர்லியாரில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிரித்தேன். குரங்கு ஒன்று சீட்டில் ஏறி, என் முகத்தை ஒரு கணம் பார்த்து, ரொட்டியை எடுத்துக்கொண்டு பாதுகாப்புச் சுவரில் போய் உட்கார்ந்தது. அது சாப்பிட்ட விதத்தை நான் மறக்கவில்லை. ஒரு சின்ன விள்ளலாகப் பிய்த்து, முகர்ந்து, திருப்பிப் பார்த்து, மென்று, அப்புறம்தான் அடுத்தது. என்னைவிட நிதானம். இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே சாப்பிடுகிறேன்.

மலைக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என் தொழில் அனுபவம். மேட்டுப்பாளையத்தில் பூரி மசாலாவும் பொங்கல் வடையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிற குடும்பம், கல்லாறு தாண்டி மூன்றாவது நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே "அண்ணா, நிறுத்துங்க" என்பார்கள். குன்னூர் போய்ச் சேர 14 வளைவு. இரண்டு இட்லி, அதுவும் ஒரு மணி நேரம் முன்னால், சட்னி குறைவாக. குழந்தைக்குப் பால் வேண்டாம். தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்க்கட்டும். வெறும் வயிறும் ஆகாது. டிக்கியில் நான் வைத்திருக்கும் காகிதக் கவர்கள் இந்த யோசனையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு மெதுவாகத்தான் தீர்கின்றன.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று என்று சொன்னால் பொய். போன வருஷம் ஏப்ரல், மே சீசனில் ஆறு வாரம் ஒரேயடியாகச் சரிந்தேன். காலை நாலு மணிக்கு வண்டி எடுத்து ராத்திரி பதினொன்றுக்கு விட்டால் யார் பருப்பு ஊறவைப்பது? மறுபடி பரோட்டா, மறுபடி ஏழு டீ. ஜூனில் எடுத்த ரத்தப் பரிசோதனையை டாக்டரம்மா பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இந்தச் சீசனுக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு பார்க்காமல் டீயை மட்டும் கட்டுப்படுத்தினேன். சர்க்கரை அரை ஸ்பூன், நாளைக்கு மூன்று டீ, வர்க்கி வாரத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் எதுவும் நிற்காது என்பது அந்த ஆறு வாரத்தில் தெரிந்தது. இப்போது எடை 77. சர்க்கரைச் சராசரி 5.8. பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை. அது அவர் பாடு, நான் கேட்பதுமில்லை.

போன புதன்கிழமை அதே ஹோட்டலுக்கு ஒரு பார்ட்டியைக் கொண்டுபோனேன். டிரைவர் டேபிளில் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மாஸ்டர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னது இது?"

"ராகி ரொட்டி, சம்பல். நானே செஞ்சது."

"நீயா?" என்று பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு விள்ளல் பிய்த்தார், சம்பலைத் தொட்டார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இத்தனை வருஷம் அவர் கையால் சாப்பிட்டவன் நான். பரீட்சைத் தாள் வாங்குகிற பையன் மாதிரி காத்திருந்தேன். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது, அவர் அசையவில்லை.

"உப்பு பத்தல தம்பி" என்றார். இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டார்.